வண்டியை அணைக்குமுன் ஒரு நிமிடம்

அக்கா,

சாம்பிராணி வாசனை வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். உன் படத்துக்குப் புகை போடுகிறேன் என்று நினைத்திருப்பாள். நானோ உன் காரின் பானெட்டைத் திறந்துவைத்து, தகர டப்பாவில் தணலும் சாம்பிராணியும் போட்டு, சைக்கிள் பம்பால் அந்தப் புகையை, இன்ஜினுக்குக் காற்றடிக்கும் டர்போவின் குழாய்க்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, சாமிக்குப் போடறதக் கொண்டாந்து வண்டிக்குப் போடற?"

"சாமிக்கு மூச்சு வாங்கலம்மா. வண்டிக்குத்தான் வாங்குது."

அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் இப்போதெல்லாம் என் ஜோக்குக்குச் சிரிப்பு வருவதில்லை. வாய் பழக்கத்தில் பேசுகிறது, அவ்வளவுதான்.

புகை விட்டுப் பார்ப்பது உன் வித்தை. "புகை எங்க வெளிய வருதோ, காத்தும் அங்கதான் ஓடுது" என்பாய். சாயங்காலம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வருவதாக இருந்தது. எட்டு மாதமாக மாட்டுக் கொட்டாயில் நின்ற வண்டி. "ஓடற மாதிரி பண்ணி வை, கண்ணு" என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார்.

மூன்று கை மாறி நம் இண்டூருக்கு வந்தபோது அந்தக் காருக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதினாறு. எங்கள் இருவரில் அதற்குத்தான் புத்தி அதிகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சனிக்கிழமை ஓசூரிலிருந்து வேலை முடிந்து வருவாய். ஞாயிறு முழுக்க பானெட்டுக்குள் தலை. நம் தருமபுரி மாவட்டத்துக்கே நான் டர்போபுரி என்று பெயர் மாற்றிவிட்டேன். ஒருநாள் இன்ஜினுக்கு அடியில் வரக்காப்பியை ஊற்றி வைத்தேன். ஆயில் ஒழுகுகிறது என்று ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்துத் தேடினாய். கடைசியில் விரலால் தொட்டு முகர்ந்து, நக்கியும் பார்த்துவிட்டு, அடியில் இருந்தபடியே சொன்னாய்: "சக்கர பத்தலடி."

அந்தக் காருக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாய். எங்கே போய் வந்தாலும் வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பக் கூடாது. இன்ஜின் ஒரு நிமிடம் சும்மா ஓட வேண்டும். "டர்போ கொதிச்சுக் கெடக்கும். இப்ப நிறுத்தினா ஆயில் நின்னு உள்ளயே கருகிடும்." அந்த ஒரு நிமிடம்தான் நாம் பேசும் நேரம். வீட்டுக்குள் பேச முடியாததெல்லாம் அதில் பேசினோம். என் பிளஸ் டூ மார்க்கை நான் சொன்னதும் அதில்தான்.

கடைசியாகத் தொப்பூர் மேடு ஏறித் திரும்பி வந்த ஞாயிறு. வாசலில் நிறுத்தினாய். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாய். உன் முகம் அவ்வளவு சீரியஸாக இருந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. கையை நீட்டிச் சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். "டர்போ போச்சுடி, எருமை!" என்று கத்தினாய். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைப் பின்னால் உன் பையில்தான் பார்த்தோம். அடுத்த ஞாயிறு நீ வார்டில் இருந்தாய். அங்கே எப்போதும் யாராவது உன்னைச் சுற்றி இருந்தார்கள். அன்று சொல்ல வந்தது என்ன என்று நானும் கேட்கவில்லை.

நீ போனபின் காரைக் கொட்டாய்க்கு ஓட்டிப்போன அப்பா, "இழுவையே இல்ல" என்றார். காருக்கு இழுவை போனது என்னால்தான் என்று அன்றே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று புகை காட்டிக் கொடுத்தது. ரப்பர் குழாயின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. அதிலிருந்து நூலாகப் புகை எழுந்தது. குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டு டர்போவின் தண்டை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. விரலால் சுண்டினால் சுற்றியது; டர்போ கருகவே இல்லை. எட்டு மாதக் கொலைக் கேஸ் தள்ளுபடி. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அலுப்புதான் வந்தது. தருமபுரி போய் லாரி சாமான் கடையில் புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டினேன்.

வந்தவர் ஓட்டினார். நான் பக்கத்தில், அப்பா பின்னால். மேட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியது. "பரவால்லைங்க, நல்லா இழுக்குது" என்றார். வாசலுக்கு வந்ததும் அவர் கை சாவிக்குப் போனது.

"ஒரு நிமிஷங்கண்ணா. இப்ப நிறுத்தக் கூடாதுங்க. டர்போ கருகிடும்."

கையை எடுத்துக்கொண்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"அதுக்குத்தான் ரெண்டு பேரும் எறங்காம உக்காந்திருப்பீங்களா?"

"ஆமாப்பா."

"என்ன பேசுவீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்து பதில் உண்டு, பத்தும் கிண்டல். பத்தையும் விட்டேன். பெயர்கூடத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாவியைப் பிடுங்கியதைச் சொன்னேன். அப்பா முன்னால் சாய்ந்தார். என் தோளில் கை வைத்தார். ஒரு நிமிடம் தாண்டியும் அந்த அண்ணன் சாவியைத் தொடவில்லை.

கார் போய்விட்டது, அக்கா. என்னிடம் இப்போது ஸ்கூட்டர்தான்; அதில் டர்போ ஏது. ஆனாலும் வாசலில் நிறுத்தியதும் நான் உடனே அணைப்பதில்லை. "பெட்ரோல் வீணாவுதுடி" என்று அம்மா கத்துகிறாள். கத்தட்டும். யாராவது என்கிட்ட ஏதாவது சொல்ல வந்தால், சொல்லி முடிக்கட்டும்.