எலிகளுக்குக் கொடுத்த தூள்

அன்புள்ள வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு முன்புதான் ஆய்வுகூடத்தில் என் எட்டு வார வேலை முடிந்தது. தேங்காயெண்ணெய் கலந்த தீனி தின்ற எலிகளுக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் ஏறியது. அதே தீனியோடு தாவர ஸ்டெரோல் தூளையும் தின்றவற்றுக்கு அவ்வளவு ஏறவில்லை. குடலிலிருந்து கொலஸ்ட்ரோல் உடம்பில் சேர்வதை அந்தத் தூள் ஓரளவு தடுக்கிறது. பெருநாளன்று உங்களிடம் இதைத்தான் சொன்னேன்.

நேற்று உம்மா போனில் கதைத்தார். "வாப்பா டொக்டர் தந்த குளிசய நிப்பாட்டிட்டாரு மகள். அந்தத் தூளத்தான் கடையில வாங்கிக் கரைச்சுக் குடிக்காரு. என்ட மகள் கண்டுபுடிச்ச மருந்து எண்டு சாய்ந்தமருது ஊரெல்லாம் கதைக்காரு" என்றார். போன கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தும் குளிசையைத் தொடவில்லையாம்.

அந்தத் தூளை நான் கண்டுபிடிக்கவில்லை, வாப்பா. என் எலிகளுக்கு ஆரம்பத்தில் எந்த நோயும் இல்லை. உங்களுக்கோ முன்பே ஒரு முறை இதயத்தில் அடைப்பு வந்துதான் குளிசை தந்தார்கள். குளிசை செய்வதைத் தூள் செய்யாது.

இதை அன்றைக்கே சொல்லாதது என் பிழை. என் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் சந்தோசப்பட்டதைப் பார்த்துவிட்டு மேலே எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றே குளிசையைத் தொடங்குங்கள். ஞாயிறு வருகிறேன். திங்கள் இருவரும் கிளினிக்குக்குப் போவோம். அங்கே காத்திருக்கும்போது மறுபடியும் கேளுங்கள், முழுவதையும் சொல்கிறேன்.

உங்கள் மகள்