ஒரு பகல் நின்ற கப்பல்

பிப்ரவரி 11

வாயாடிக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். போனில் கேட்டுவிடலாம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. பேசாமல் மூச்சு மட்டும் விடுகிற கிழவனை எத்தனை நேரம்தான் நீயும் பொறுத்துக்கொள்வாய்? அதனால்தான் கடிதம்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. அடுத்த மாதம் நான் சொகுசுக் கப்பலில் போகிறேன். வாளியில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றுகிற ஆள் கப்பலில் என்ன செய்யப் போகிறார் என்று கேட்பாய். தெரிந்தவர்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், தட்ட முடியவில்லை. கப்பல் நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஓர் ஊர்ப் பெயரில் கண் நின்றுவிட்டது. உன் ஊர்.

மார்ச் பதினான்கு. காலையில் வந்து நிற்குமாம், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுமாம். கூட வருகிறவர்கள் கப்பலிலேயே இருந்துகொள்வார்கள். நான் மட்டும் இறங்கி வருகிறேன்.

அந்த ஊரில் ஒரு பகலில் என்னென்ன பார்க்கலாம் என்று எழுது. எனக்கு வேண்டியது உன்னைப் பார்ப்பது. இருந்தாலும் நீ ஊர் சுற்றிக் காட்டி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வர, நான் பின்னாலேயே ‘உம்’ கொட்டிக்கொண்டு நடக்க ஆசையாக இருக்கிறது. உன் அத்தை போன பிறகு அந்த வீட்டில் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டவள் நீ ஒருத்திதான். நீயும் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

வரலாம் என்றால் ஒரு வரி எழுது.

ஆசையுடன்,
மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமா,

வரலாமா என்று கேட்டு எழுதியதற்கே உங்களோடு இரண்டு நாள் பேசக் கூடாது. பேசாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

கப்பல்காரர்கள் ‘இந்தத் துறைமுகத்தில் செய்ய வேண்டிய பத்து விஷயங்கள்’ என்று ஒரு தாள் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். ஊரில் மொத்தமே ஆறு இருக்கிறது, மீதி நாலும் அவர்களுக்குக் கமிஷன் தருகிற கடைகள். கலங்கரை விளக்கத்தில் ஏறச் சொல்வார்கள். உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாலே போதும். ஒரே அறையில் ஒரு மியூசியம் உண்டு. ஒரு நங்கூரம், நாலு உடைந்த துடுப்பு, கப்பல் வரும் நாளில் மட்டும் விழித்திருக்கும் காவலாளி. அவரும் பார்க்க வேண்டிய பொருள்தான். அலைதடுப்புச் சுவரின் கடைசிவரை நடந்து போனால் அங்கே ஒரு பெஞ்சு கிடக்கிறது. கடைக்கு விடுமுறை விட்டால் நான் போய் உட்காரும் இடம். அங்கே உங்களை உட்கார வைத்து மூன்று வருஷத்துப் பேச்சையும் பேசித் தீர்க்கப் போகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் இன்னும் வேலை. முதலாளியிடம் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். “யார் வர்றாங்க?” என்று கேட்டார். “எங்க மாமா” என்றேன். “அம்மாவோட தம்பியா?” என்றார். இல்லை என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். விளக்கினால் மாமா இல்லாமல் போய்விடுவீர்களோ என்று இருந்தது.

மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. வீடு என்றால் ஒன்றரை அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். உப்பைக் குறைத்துச் சமைக்கிறேன்.

உங்கள் பிள்ளையைப் பற்றி நான் கேட்கமாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு பகல் மட்டும் அது இல்லாமல் இருக்கட்டும்.

துறையின் இரும்புக் கதவருகே நிற்பேன். மஞ்சள் புடவை. உங்களுக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை என்று தெரியும், நானே கையை ஆட்டுகிறேன்.

உங்கள்
வாயாடி


மார்ச் 15, கப்பலிலிருந்து

அம்மா,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை நீ பார்த்தாய். இருந்தாலும் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அவனுக்குப் போன வருஷம் மறுபடி கல்யாணம் ஆயிற்று. உனக்கு எழுதக் கை வரவில்லை. கப்பலுக்கு அழைத்தவர்கள் அந்தப் பெண்ணின் பெற்றோர்தான். அவனும் கப்பலில்தான் இருந்தான். உன் ஊர் வந்ததும் “இங்க பாக்க ஒண்ணும் இல்ல, எனக்குத் தலைவலி” என்று அறையில் படுத்துவிட்டான். அவர்களும் இறங்கமாட்டார்கள் என்று நினைத்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சம்பந்தி பார்த்துவிட்டார். “நீங்க மட்டும் தனியாவா? நாங்களும் வர்றோம், வாங்க” என்று மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கூடவே இறங்கிவிட்டார்.

நீ கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாய். சம்பந்தியம்மா, “யாருங்க அது, உங்களைப் பாத்து இப்படிச் சிரிக்குது?” என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் வீட்டில் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நிச்சயம் பேசப் போன அன்றே அவன், “அப்பா, தேவையில்லாததை எல்லாம் பேசிட்டிருக்காதீங்க” என்றான். நானும் தலையை ஆட்டினேன். அன்று ஆட்டிய தலை. நேற்று நிமிரவில்லை.

“ஊர் சுத்திக் காட்ட நான் சொல்லி வெச்ச கைடு” என்றேன்.

நீ பக்கத்தில் வந்துவிட்டாய். கேட்டுவிட்டாய். ஆட்டிய கையைக் கீழே இறக்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்க சார், வாங்க மேடம், முதல்ல மியூசியம் போயிடலாம்” என்றாய்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அங்கேயே நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். சாயங்காலம் கப்பல் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நீ நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமா


மார்ச் 29

சார்,

அன்று முழுக்க உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். நாக்குக்குப் பழகிவிட்டது.

நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக என் ஊரை நானே அன்னியர்போலச் சுற்றிக் காட்டினேன். மியூசியத்துக் காவலாளி, “என்னம்மா, லீவுன்னு சொன்னே, புது வேலையா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். கலங்கரை விளக்கத்தின் கீழே சம்பந்தியம்மா போனை என் கையில் கொடுத்து, “எங்க குடும்பத்தை ஒரு போட்டோ எடும்மா” என்றார். எடுத்தேன். நீங்கள் ஓரமாக நின்றீர்கள். “சார், இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, குடும்பத்தோட சேந்து நில்லுங்க” என்று என் வாயாலேயே சொன்னேன்.

சாப்பாட்டுக்குத் துறைமுக ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். வேறு எங்கே போக? நீங்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நான் வெளியே நிழலில் நின்றேன். நான் விடியலில் சமைத்தது வீட்டில் மூடி இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். “உப்பே இல்லையே” என்றாள்.

அலைதடுப்புச் சுவரில் நடக்கும்போது அந்த அம்மாள் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: “எங்க மாப்பிள்ளை தங்கம். முன்ன பின்ன எந்தத் தொந்தரவும் இல்லாத இடம்னு பாத்துப் பாத்துக் கொடுத்தோம்.” ஆறு வருஷம் அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, அத்தையைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்தவள் நான். நான் ஒரு தொந்தரவாகக்கூட இருந்திருக்கவில்லை. நான் இருந்திருக்கவே இல்லை.

அந்தப் பெண் நல்ல பெண். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க?” என்று கேட்டாள். “ஆச்சு. விட்டுட்டுப் போயிட்டார்” என்றேன். “ஏன்?” “காரணம் சொல்லல.” அவள் கண்ணை விரித்து, “சொல்லாம எப்படிங்க போக முடியும்? வீட்ல யாரும் கேக்கலையா?” என்றாள்.

நீங்கள் பெஞ்சின் மறுமுனையில் இருந்தீர்கள். காது நன்றாகத்தான் கேட்கும். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். அவரை உட்கார வைத்து ஏண்டா என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்டதே இல்லை. விவாகரத்தும் முடிந்து நான் பெட்டி கட்டியபோது பஸ் ஏற்றிவிட வந்தீர்கள், ஜன்னல் வழியாகப் பழம் வாங்கிக் கொடுத்தீர்கள், அழுதீர்கள். அதையே பெரிதாக நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் உங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வது? கிளம்பும்போது சம்பந்தியம்மா, “இவ்வளவு நல்லா யாரும் சுத்திக் காட்டினதில்லம்மா” என்று என் கன்னத்தைத் தொட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க நான் வேடிக்கையாகப் பேசியிருக்கிறேன், அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குள்ளே ஒருத்தி தவித்திருக்கிறாள். நீங்கள் செய்ததைவிட அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. வீட்டுக்கு வந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பகல் ஊர் பார்க்க வந்த பெண்ணின் தலையில் அதைப் போட மனம் வரவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்ல வேண்டியது நீங்கள். சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கைடு


ஜூன் 2

அம்மா,

சொல்லிவிட்டேன். உடனே சொன்னதாக நினைக்காதே. இரண்டு மாதம் ஆனது. தினமும் காலையில் இன்று சொல்லலாம் என்று எழுந்து, ராத்திரி நாளைக்கு என்று படுப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே போயிருந்தான். அந்தப் பெண் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைதான் பலகையில் இருந்தது. அவள் அதைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு இனி நிற்க முடியவில்லை. “அன்னிக்கு அந்த ஊர்ல நமக்குச் சுத்திக் காட்டினாளே, அவ கைடு இல்லம்மா. என் மருமக” என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. கடைசியில், “இப்பவும் அவங்களை ‘மருமக’ன்னுதான் சொல்றீங்க. அப்ப நான் யாரு மாமா?” என்றாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லாதவனாகவே ஆகிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவள் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். சம்பந்தி போனில் ஒரே வார்த்தைதான் கேட்டார்: “பெரிய மனுஷனாய்யா நீ?” அவன் வந்து என் முன்னால் நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினான். “இத்தனை வருஷம் வாயை மூடிட்டுதானே இருந்தீங்க. அப்படியே இருந்திருக்கலாமே” என்றான். முதல் தடவையாக அவனிடம் கேட்டேன்: “அவளை ஏண்டா விட்டே?” “இப்ப கேட்டு என்ன ஆகப் போகுது?” என்று கதவைச் சாத்திக்கொண்டான். கேட்பதற்கு ஒரு காலம் இருந்தது. அப்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். பகலெல்லாம் மெஷின் சத்தம். ஓட்டல் சாப்பாடு. பரவாயில்லை.

அந்தப் பெண் உன் கடை நம்பரைக் கேட்டாள். கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஒன்று கேட்கலாமா? கப்பல் வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன். தனியாக. உன் கடைக்கு வந்து, உன் முதலாளி முன்னால், இவள் என் மருமகள் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். சாப்பாடுகூட வேண்டாம்.

மாமா


ஜூன் 19

மாமா,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் மாமா.

அவள் போன் செய்தாள். கடையில் கூட்டம், ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “அக்கான்னு கூப்பிடலாமா?” என்றாள். “இப்ப வேண்டாம்மா” என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. “அவர் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?” என்று கேட்டாள். “நல்லாத்தான் இருந்தார். முந்தின நாள்கூடச் சிரிச்சுப் பேசினார்” என்றேன். பிறகு, “அன்னிக்கு எங்களை நல்லபடியா பாத்துக்கிட்டீங்க, எனக்குத்தான் வெக்கமா இருக்கு” என்றாள். இதில் ஒரு தப்பும் செய்யாத ஒரே ஆள் அவள்தான். அவளும் வெட்கப்படுகிறாள். திரும்பிப் போவாளா, மாட்டாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் முடிவு.

நீங்கள் சொன்னது நல்லது. தாமதமாகச் சொன்னாலும் சொன்னீர்கள். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

ஆனால் வர வேண்டாம்.

நீங்கள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவீர்கள். நான் ஓடி வந்து பையை வாங்கிக்கொள்வேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுவேன். அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் அழுவீர்கள், உங்களை நான் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் ஆறு வருஷம் எல்லோரையும் அப்படித்தான் சமாதானப்படுத்தினேன். எனக்கு என்று வந்தபோது நீங்கள் உட்பட யாரும் எழுந்து நிற்கவில்லை. இந்தக் கோபம் ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

உங்கள் கையெழுத்து வரவர இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்தில் ஏதாவது கடையில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தோன்றினால் எழுதுங்கள். நான் படிப்பேன். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.