மூன்று மாடித் தகரக் கட்டடம்

1961 மே 8, திங்கள்
மழை. பஸ் ஒழுகி நூலகப் புத்தகத்தின் ஓரம் நனைந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள் பற்றிய அத்தியாயம் தப்பியது, நல்ல வேளை.

வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. முதலாவது வருபவளுக்கு விஞ்ஞான வகுப்பில் இடம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், இருக்கிற பிள்ளைக்கு வேறு வழியில்லை என்று டீச்சரே சொன்னார்.

அப்பா தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். பெட்டி ஓரத்துக்கு வெட்டியது போக மிஞ்சிய தகரப் பட்டிகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மூன்று மாடி எழும்பிவிட்டது! ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு சாய்வுக் கால்கள், உத்தரத்தின் நடுவில் போய்ச் சேர்கின்றன.

மே 10, புதன்
அடிப்பலகையோடு ஆட்டிப் பார்த்தேன். ஐயோ. ஒரு சாய்வுக் கால் மடிந்தது. மற்றது உத்தரத்தை நடுவில் கீழே இழுத்துவிட்டது. கால்கள் தாங்கும் என்று நம்பி உத்தரத்தை மெலிதாகப் போட்டது பிழை. கால் போன பிறகும் அது தனியே நிற்க வேண்டும். பட்டிகளை அடுக்கிச் சின்ன ஆணிகளால் இறுக்கினேன். விரலில் வெட்டு.

அப்பா: "பூமியே ஆடுனாலும் ஒன் மாடி நிக்கும் புள்ள. நம்ம லயந்தான் விழும்."

மே 12, வெள்ளி
தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் மகள் சரோஜாவும் ஒரு கட்டடம் செய்திருந்தாள். கொழும்புக் கம்பி, பச்சைச் சாயம். ஆட்டியதும் படுத்துவிட்டது. அழுதாள். எனக்கு உள்ளே இனித்தது.

என்னுடையதில் கால்கள் மடிந்தன, உத்தரம் அசையவில்லை. நடுவராக வந்த இஞ்சினியர் எனக்கே முதலிடம் என்று சொல்லிக் குனிந்து பார்த்தார். "தகரம் ஏதும்மா?"

எல்லாம் சொன்னேன். அப்பா பெயர், பெட்டி அடிக்கும் இடம், பை. டீமேக்கர் ஐயா சரோஜாவின் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 13, சனி
கட்டடத்தோடு தொழிற்சாலைக்கு வரச் சொல்லி ஆள். அப்பாவும் நானும். பெட்டி அடிக்கிறவர்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"குப்பைக்குப் போற தகரந்தாங்க ஐயா," என்றார் அப்பா.

"குப்பையும் தோட்டத்துக் குப்பைதான்டா கருப்பையா," என்றார் டீமேக்கர் ஐயா. "களவுன்னு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாச்சு. எடம் சரோஜாவுக்கு. இத நீயே ஒடைக்கிற. இல்லாட்டி ஒனக்கும் ஒம் பொஞ்சாதிக்கும் பேர் வெட்டு, தோட்டத்துல வேல இல்ல."

சுத்தியல். கால்கள் உடனே போயின. உத்தரம் வளையவில்லை. அப்பா திரும்பத் திரும்ப அடித்தார்.

"என்னடா, சோறு திங்கலையா?" என்றார் டீமேக்கர் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுடன் வேலை செய்கிறவர்களும்.

அப்பா என் பக்கம் திரும்பினார். மெதுவாக: "எங்க அடிச்சா ஒடையும் புள்ள?"

உத்தரம் தூணோடு சேரும் மூலையைக் காட்டினேன்.