மூடிக்கொண்ட கடல்சாமந்தி

ஸ்ரீவராகம்,
2-5-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பெண் பிறந்த சேதிக்கு நீங்கள் எழுதிய பதிலில்கூடப் பாதிக்கு மேல் மீன் தொட்டியைத்தான் விசாரித்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தம்தான்.

தொட்டி சரியில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொண்டுவந்தீர்களே, பூப்போல விரல் விரிக்கும் அந்தக் கடல்சாமந்திகள் இரண்டும் விரல்களை இழுத்துக்கொண்டு மூடியே கிடக்கின்றன. பவளம் வெளுக்கிறது. காற்று மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. தொட்டி இந்த அறையிலேயே இருப்பதால், கட்டிலில் படுத்தபடி நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அக்கா வந்து பத்தியம் பார்ப்பதால் கவலையில்லை. "பச்சை உடம்புல காத்துப் பட்டா சன்னி வந்துரும்" என்று மதினி ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். கட்டிலுக்கடியில் கரி நெருப்புச் சட்டி, அணையவே விடுவதில்லை. எனக்குத்தான் தலை கனக்கிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நம் பெண் அழுவதே இல்லை.

தங்கள்,
நாச்சியார்


கவரத்தி,
11-5-1974

அன்புள்ள நாச்சியாருக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அழாத பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தலைக்குச் சுக்குப் பற்று போடு.

தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும். கண்ணாடியில் நான் போட்ட கோடு வரை கிணற்றுத் தண்ணீர் விடு. தீனியைக் குறை. அப்படியும் தேறாவிட்டால் விழிஞ்ஞத்து மீன்காரர் நேசமணியிடம் சொல்லிப் புதுக் கடல்தண்ணீர் வரவழை. தொட்டியைக் காலி செய்து பாதியை அதில் ஊற்று. மீதியைப் பீங்கான் பேசினில் ஊற்றி, ஒரு சாமந்தியை அதில் விட்டு முற்றத்து நிழலில் வை. எது தேறுகிறது என்று எழுது.

பிள்ளைக்கு என் முத்தம்.

கோமதிநாயகம்


ஸ்ரீவராகம்,
22-5-1974

அன்புள்ள அத்தானுக்கு,

சொன்னபடியெல்லாம் செய்தாயிற்று. நேசமணி கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து அவரே மாற்றிக் கொடுத்தார். முற்றத்துச் சாமந்தி மறுநாளே விரிந்துவிட்டது. அறையில் இருப்பது அப்படியே சுருண்டு கிடக்கிறது. இறாலும் செத்துவிட்டது. "வெள்ளத்துக்குக் கொறவொண்ணும் இல்ல, அக்கா" என்றார் நேசமணி, தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து.

என்னைக் கேட்டால், எனக்கும் அந்தச் சாமந்தி கதைதான். எழுந்தால் அறை சுற்றுகிறது. முற்றத்தில் போய் நின்றால் தெளிந்துவிடுகிறது. மதினி அங்கே நிற்கவிட்டால்தானே. பிள்ளை நல்ல தூக்கம்.

தங்கள்,
நாச்சியார்


கவரத்தி,
1-6-1974

நாச்சியார்,

இதைப் படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையை விட்டு வெளியே வா. மற்றதைப் பிறகு படி.

இரண்டிலும் ஒரே தண்ணீர். காற்றுதான் வேறு. மோட்டார் அறைக்காற்றைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. மூடிய அறையில் கரி எரிந்தால் அந்தக் காற்று விஷம். அதைத்தான் நீயும் பிள்ளையும் சுவாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் கடிதத்திலேயே எல்லாம் எழுதியிருந்தாய். நான் சாமந்தியைப் படித்தேன், உன்னைப் படிக்கவில்லை.

அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல். நெருப்பை வெளியே எடு. ஜன்னல்களைத் திற. பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் அதைக் கொண்டுவந்த கப்பல் தீவை விட்டுக் கிளம்பிவிட்டது. தந்தி கொடுக்கப் போனேன். காற்றில் வயர்லெஸ் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. மழை வெறிக்காமல் அடுத்த கப்பல் இல்லை என்கிறார்கள். கரைக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறேன். எந்தத் தோணி கிளம்பினாலும் இதைக் கொடுத்துவிடுவேன்.

கோமதிநாயகம்


ஸ்ரீவராகம்,
3-6-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதிலைக் காணவில்லை. அதற்குள் இங்கே மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துப் பேசினில் மழைத்தண்ணீர் விழுகிறது என்று மதினி அதையும் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஜன்னல் இடுக்கில் சாரல் வராமல் பழந்துணி அடைத்தாயிற்று. குளிருகிறதென்று இன்னொரு சட்டி நெருப்பும் வைத்திருக்கிறார்கள். மதினியைப் போலப் பார்க்க யாராலும் முடியாது.

விரிந்திருந்த சாமந்தியும் மூடிக்கொண்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பிள்ளையும் தூக்கத்தில் அப்படியே செய்கிறாள். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து எழுப்பியும் விழிக்கவில்லை. தூங்கட்டும் என்று மதினி கடைக்குப் போயிருக்கிறார்கள்.

எனக்கும் கண் சொருகுகிறது. கொஞ்சம் படுத்து எழுந்து மீதியை எழுதுகிறேன்.