சுவருக்கு இந்தப் பக்கம் ஆடாதோடை

இன்று காலை உன் வீட்டு அடுப்பிலிருந்து ஆடாதோடை கொதிக்கும் வாசனை வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு அந்த வாசனை உன் பக்கத்திலிருந்து வந்ததே இல்லை. கொதித்தது என் செடியின் இலை. நான் கொடுத்தது இல்லை, உன் மகன் தானே பறித்துக்கொண்டு போனது. இதை வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே குட்டைச் சுவர். உழவர்கரைப் பக்கம் மனை வாங்கி வந்த மில்காரர்கள் எல்லோரும் முருங்கையும் வாழையும் வைத்தார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் இருமலுக்குச் செடி வைத்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் என் ஆடாதோடை. அந்தப் பக்கம் உடைந்த அண்டாவில் உன் தூதுவளை. இருமல் என்னவோ உனக்கு மட்டும்தான். நான் தறிப் பக்கம், எனக்குக் காதுதான் போனது. நீ பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் உதறும் புளோ ரூமில் இருந்தாய். ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெளுத்து, ஒரே நாளில் கிழவனாகி வருவாய்.

எது நல்ல செடி என்று நாம் போட்ட சண்டை கொஞ்சமா? என் செடியைக் கிளை ஒடித்து மழைக்காலத்தில் ஊன்றினேன், அவ்வளவுதான். நிழலோ வெயிலோ, நல்ல மண்ணோ கல் மண்ணோ, அதற்கு எல்லாம் ஒன்று. வேலி வேண்டாம், ஆடும் வாய் வைக்காது. நீயோ உன் தூதுவளையைப் பெண்ணைப் பெற்றவன் போல வளர்த்தாய். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, படரக் கொம்பு வேண்டும். சித்திரையில் காய்ந்து குச்சியாகிவிடும், மழை கண்டால் திரும்பத் துளிர்க்கும். இலையில்கூட முள். உன் வீட்டுக்காரி அந்த முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டுத் துவையல் அரைப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

"உன் செடி பென்ஷன் வாங்கற சொல்தா மாதிரிடா. மழையோ வெயிலோ வெறச்சிக்கினு நிக்குது, ஒருத்தருக்கும் ருசிப்படாது" என்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த கிழவர்களை நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்வார்கள். "ருசிக்கா வச்சேன்? நெஞ்சில இருக்கற சளிக்கு வச்சேன்" என்பேன் நான். "சளிக்கு என்னுது போதும். சோத்துல பெசஞ்சி தின்னலாம், ரசம் வக்கலாம். மருந்துன்னு தெரியாமலே உள்ள போற மருந்துடா" என்பாய். நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு கோடையில் உனக்கு ஒரு யோசனை வந்தது. மில்லுக்குப் பின்னால் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும் தூசுப் பஞ்சை மூட்டையாகக் கட்டிவந்து தூதுவளையின் அடியில் தடிமனாகப் போட்டாய். ஈரம் காயாதாம். "மெத்த போட்டிருக்கேன், ராணி மாதிரி தூங்கும்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்தச் சித்திரையில் உன் செடி காயவே இல்லை. என் சொல்தாவே வாடிப்போன வெயிலில் அது ஊதாப் பூ பூத்தது. மில்காரனுக்குப் பஞ்சைத் தவிர வேறு என்ன எரு தெரியும்? நானும் என் செடிக்கு ஒரு மூட்டை கேட்டேன், நல்ல வேளையாக நீ தரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு குடித்த தண்ணீரை விடவில்லை. மழை விட்டபோது உன் செடி அடியில் கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. நீ அண்டாவைக் கவிழ்த்தாய். வேரைச் சுற்றிக் களிமண் போலப் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தப் பஞ்சு. நீ குந்தி உட்கார்ந்து அதை விரலால் பிய்த்துக்கொண்டே இருமினாய். நான் சுவரைத் தாண்டி உன் பக்கம் வந்தேன். "உன் நெஞ்சுக்குள்ள இதாண்டா இருக்குது. புளோ ரூம வுட்டு வா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நீ அண்டாவைப் பார்த்துக்கொண்டே "தெரியும்டா. பையனுக்குப் பதினெட்டு ஆவட்டும்" என்றாய்.

நம் மில்லில் அப்படி ஒரு வழக்கம். வேலையில் இருக்கிறவன் விலகினால் அந்த இடத்தில் மகனைச் சேர்த்துவிடலாம். உடம்புக்கு முடியாதவன் என்று டாக்டர் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மகனுக்கு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் வருவார், வரிசையாக நிறுத்தி அவசரமாகக் குழாய் வைத்துப் பார்ப்பார். வரிசையில் நின்று இருமுகிறவனைத்தான் தனியாகக் கூப்பிடுவார்கள். நீ இருமாமல் நிற்க வேண்டும், மகனுக்கு வயது வரும் வரைக்கும். அதற்குத்தான் நமக்குச் செடிகள்.

டாக்டர் வருவதற்கு முதல் நாளே தூதுவளை ரசம் குடித்துப் பார்ப்பாய். அது இதமாக இருக்கும், ஆனால் நிற்காது. கடைசியில் விடியற்காலையில் என் பக்கம்தான் வருவாய். விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்க மாட்டாய், செடி தூங்குமாம். எப்போதும் கீழ்க் கிளையில், முற்றின இலையாகவே பறிப்பாய். கொழுந்தைத் தொட மாட்டாய். மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். ஆடாதோடை தின்றால் பாடாத நாவும் பாடும் என்பார்கள். உனக்கு அது வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு உதவியது. ஒவ்வொரு வருஷமும் தேறினாய். நான் தப்புச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கவில்லை. நீ கேட்டாய், கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை நீ தேறி வந்து சுவருக்கு மேலே சிரித்தபோதும் நான் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னொரு வருஷம் அந்தத் தூசுக்குள் போகிறாய் என்று தெரியும்.

மகனைச் சேர்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை. உன் மகனுக்கு எந்த இடம் கொடுத்தார்கள் தெரியுமா? அதே புளோ ரூம். தெரிந்துதான் போனாய்.

உன் தூதுவளை பிழைத்துவிட்டது. எந்தக் குருவி பழத்தைத் தின்று போட்டதோ, என் ஆடாதோடையின் அடியில் முளைத்து அதன் மேலேயே ஏறிப் படர்ந்திருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, கொம்பு நடவில்லை. இப்போது எது உன் செடி, எது என் செடி என்று பிரிக்க முடியாது. நீ இருந்தால் இதற்கும் ஒரு சண்டை போட்டிருப்போம்.

நேற்று விளக்கு வைத்து முடித்த நேரம், உன் மகன் சுவரோரம் வந்து நின்றான். புருவம் வெளுத்திருந்தது. கொஞ்ச நாளாகவே அவன் இருமல் எனக்குக் கேட்கிறது. பேரப்பிள்ளை காதுக்குள் கத்தினாலும் கேட்காத எனக்கு, அந்த இருமல் மட்டும் கேட்டுவிடுகிறது. மற்றப் பேச்சையெல்லாம் தறிக்காரன் வழக்கப்படி உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

"நாளிக்கு டாக்டர் பாக்கறாரு பெரியப்பா. கொஞ்சம் எல பறிச்சிக்கட்டுமா?"

"வெளக்கு வச்சாச்சு. செடியில கை வைக்கக் கூடாது."

"அப்ப காலையில வரேன்."

"காலையிலயும் வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டு. நானும் கூட வரேன். வேற டிபார்ட்மெண்டு கேளு."

அவன் சுவரின் காரையைப் பெயர்த்தான்.

"எங்கப்பாவுக்குக் குடுத்தீங்களே" என்றான்.

"அதனாலதாண்டா" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. உன்னைப் போலவே தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அவனுக்கும் ஒரு மகன் இருக்கிறான். இப்போதுதான் நடக்கப் பழகுகிறான்.

காலையில் வாசனை வந்ததும் போய்ப் பார்த்தேன். கீழ்க் கிளைகளில் மட்டும் இலை இல்லை. கொழுந்து ஒன்றுகூடக் கிள்ளப்படவில்லை. அப்படிப் பறிக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மில் சங்கு ஊதி, அவன் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமல் கேட்கவே இல்லை.