விலை இறங்கிய மாத்திரை

ஆடி 14, புதன்
காலையிலிருந்து சாரல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. கடைக்குள் ஈரவாடை. மருந்துப் பெட்டிகளைத் தரையிலிருந்து ஏற்றி வைத்தேன். இடுப்பு விட்டுப்போனது.

மருந்து மொத்தமாக அனுப்பும் மதுரை ஸ்டாக்கிஸ்ட் போன். ரத்தப்புற்று மாத்திரைக்குக் காப்புரிமை முடிந்ததாம். இத்தனை வருடம் ஒரே கம்பெனிதான் செய்யலாம். இனி யாரும் செய்யலாம். நாலைந்து பேர் இறக்கிவிட்டார்கள். அதே மருந்து, பாதிக்கும் கீழே விலை.

உடனே ராசு அண்ணன் நினைப்பு. ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிப்பவர். இந்த மாத்திரைக்காகச் சிலமலை ஊரில் இருந்த தோட்டத்தை விற்றவர். சந்தோஷத்தில் இரண்டு டீ.

ஆடி 17, சனி
ரா. அண்ணன் வந்தார். புது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காய் பார்ப்பதுபோல.

"முப்பது வருசமா காய் பாக்குறேன் தாயி. நல்ல சரக்கு இப்பிடி வெல எறங்காது. சாயம் ஏத்துன காய்தான் சல்லிசா வரும்."

"டாக்டரே எழுதிக் குடுத்துருக்காருண்ணே."

"நீதான சொன்ன, கம்மியா எவன் குடுத்தாலும் டூப்ளிகேட்டு, தொடாதீகன்னு?"

சொன்னேன்தான். போன வருடம் எவனோ பில் இல்லாமல் விற்க வந்தபோது. அன்றைக்கு அது சரி, இன்றைக்கு இது சரி. இரண்டையும் ஒரே வாய் சொன்னால் யார் நம்புவார்? பழைய கம்பெனி அட்டையே ஒன்று வாங்கிப் போனார். பத்து மாத்திரை. அது இன்னும் யானை விலைதான். என் மேலேயே எரிச்சல்.

ஆவணி 9, திங்கள்
ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கரண்ட் பில். ரா. அண்ணன்??

மூன்று வாரமாக ஆள் வரவில்லை. போன் போட்டேன். அவர் மனைவி முத்தக்கா எடுத்தது.

"மாத்திர இருக்கு தாயி. பாதியா வெட்டி, ஒருநா விட்டு ஒருநா திங்கிறாரு. நாலு மாசமா அப்பிடித்தான்."

"புதுச முழுசா திங்கச் சொல்லுங்கக்கா!"

"நாஞ் சொன்னா கேக்குற ஆளா?"

பிறகு சோலி ஓடவில்லை. ஒரு சீட்டுக்கு மருந்து மாற்றிக் கொடுத்து, பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு
புதுப் பெட்டி ஒன்றை நானே கொண்டுபோனேன், காசு வேண்டாமென்று. அண்ணன் காய்ச்சலில் படுக்கை. எலும்பு தெரிகிறது.

"எங்கப்பாவுக்குன்னாலும் இதத்தாண்ணே குடுப்பேன்."

சிரித்தார். "ஒனக்கு என்ன கமிசன் தாயி?"

கேலியா, நிஜமா, தெரியவில்லை. பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்சில் அழுகை. பக்கத்தில் இருந்தவள் ஜலதோஷமா என்றாள்.

ஐப்பசி 20, வியாழன்
நல்ல மழை. போடிமெட்டு ரோட்டில் மரம் விழுந்து ஜீப்பு எதுவும் போகவில்லையாம். வியாபாரம் இல்லை.

மத்தியானம் முத்தக்கா வந்தது. ரா. அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் போன வாரம்தான் முடிந்தது. என் பெட்டியை மேசையில் வைத்தது. சீல் பிரிக்கவே இல்லை. பக்கத்தில் ஏலக்காய் சாம்பிள் போடும் சின்னக் கவர். அதற்குள் பாதி பாதியாக வெட்டிய பழைய கம்பெனி மாத்திரைகள். கவரை என் பக்கம் தள்ளியது.

"இது அசலு தாயி. இல்லாதப்பட்டவுக யாருக்காச்சும் குடுத்துரு."

சரிக்கா என்றேன்.