வார் அகலமான பை

இன்று காலை இராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு பைக் கடையில் நின்றிருந்தேன். கடை முழுக்கப் புது ரெக்சின் வாசனை. கடைக்காரர் நான்கைந்து பைகளைக் கொக்கியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "தினமும் என்னென்ன கொண்டு போவீய அண்ணாச்சி? அதச் சொன்னாத்தான் சைஸ் பாக்க முடியும்" என்றார். நான் எதையும் கொண்டு போனதில்லை. கொண்டு வந்தவள் நீ.

வெளியே கிளம்பினால் ஒரு சட்டைப் பை போதும் எனக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி இராஜபாளையத்தில் இறங்குவதற்குள் எத்தனையோ முறை உன் பக்கம் கை நீட்டியிருப்பேன். கண்ணாடி, தண்ணீர், டிக்கெட்டுக்குச் சில்லறை. நீ ஜன்னலைப் பார்த்தபடியே பைக்குள் கைவிட்டு, கேட்டதைச் சரியாக எடுத்துத் தருவாய். அந்தப் பைக்கு வார் ஒடுக்கம். வீட்டுக்கு வந்ததும் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொள்வாய். தையல் மிஷினில் குனிந்து உட்காருவதால் வரும் வலி என்று சொன்னாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆடிப்பூரத் தேரோட்டம் நினைவிருக்கிறதா? நம் பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். "செத்த நேரம் இதப் பிடிங்க. வடத்தத் தொட்டுட்டு வாரேன்" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாய். பூப் போட்ட சிவப்புப் பை. அந்த நேரம் பார்த்து, மில்லில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் எதிரே வந்தார்கள். ஒருவர் பையைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். நான் அதை ஒரு கடைப் படியில் வைத்துவிட்டு, எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தள்ளி நின்று அவர்களோடு பேசினேன். நீ திரும்பி வந்து பார்த்தாய். பையை எடுத்து, மண்ணைத் தட்டி, மாட்டிக்கொண்டாய். வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாய்.

"எம் பையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது அம்புட்டு கேவலமாவா இருந்துச்சு?"

கை வலித்தது, அதனால் வைத்தேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனை திருவிழா, எத்தனை கல்யாணம். ஒரு தரம்கூட நீ அதை என்னிடம் பிடிக்கச் சொல்லவில்லை. மண்டபத்தில் கை கழுவப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டே போனாய்.

போன ஐப்பசியில் நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆதார் அட்டை கேட்டார்கள். உன் பையை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தேன். என் கண்ணாடி, என் பிரஷர் மாத்திரை, என் கைக்குட்டை, பஸ்ஸில் எனக்குக் குமட்டினால் முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம். உன்னுடையது என்று ஒரு சீப்பும் பொட்டு அட்டையும் இருந்தன. இடது தோளில் வலி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். ரொம்ப நாளாக இருந்தது, தைலம் தேய்ப்பாள் என்றேன். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். உள்ளே போன நீ திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தப் பையை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வார் தோளை அறுத்தது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அதனால் இன்று கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வார் அகலமாக இருக்க வேண்டும். வெறும் பையே கனக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே தனி இடம் வேண்டும். உள்ளே துணி வெளிர் நிறமாக இருந்தால்தான் வைத்தது கண்ணுக்குத் தெரியும். வீட்டம்மாவுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். சாம்பல் நிறத்தில் ஒன்றைக் குறுக்காக மாட்டிவிட்டார். தோளில் பாரமே தெரியவில்லை. இந்தக் கடை வாசலை நாம் இருவரும் எத்தனை தடவை கடந்து போயிருக்கிறோம் என்று நினைத்ததும் அதைத் தோளில் வைத்திருக்க முடியவில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தேன்.

மதியம் பையனும் மருமகளும் மதுரையிலிருந்து வந்தார்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். மருமகள் இடுப்பில் பேத்தி, தோளில் பிதுங்கிக்கொண்டு ஒரு பை. பையன் போனில் பேசியபடி கையை வீசிக்கொண்டு இறங்கினான்.

"ஏலே, அவ தோள்ல கெடக்குற பைய வாங்கு."

"லேடீஸ் பைப்பா" என்று நெளிந்தான்.

நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். பதறிப்போய், கனமாக இருக்கும் கொடுங்க மாமா என்று மருமகள் வழியெல்லாம் கேட்டாள். நான் தரவில்லை. மடவார் வளாகத்தில் நம் வீடு வரை நடந்தே வந்தோம். மருமகளை எம்புட்டு அருமையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று யாரோ ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. அது எனக்குச் சேர வேண்டிய பேர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.